பெரியப்பா சொன்ன ரொட்டிக்கடைப் படம்

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்மஸ் படம் பார்ப்பது என்றால் பெரியப்பாவைப் பார்ப்பது என்றுதான் அர்த்தம். டிவி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, ஒரு கண் படத்திலும் ஒரு கண் எங்கள் மேலுமாக அவர் உட்கார்ந்திருப்பார். சத்தத்தை ரொம்பவும் குறைத்துவிடுவார். வெள்ளைக்காரர்கள் பனிக்குள் நின்று முணுமுணுப்பார்கள். அவர்கள் பேசுவதை எல்லாம் பெரியப்பா கணீரென்று நெல்லைத் தமிழில் சொல்லுவார்.

"அவன் வந்துட்டேன்னு சொல்லுதான்" என்று அவர் சொல்ல மாட்டார். "எம்மா, நான் வந்துட்டேன், கதவத் தெற" என்பார். அம்மாக்காரி பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "வா ராசா, எத்தன நாளாச்சு ஒன் மொகத்தப் பாத்து" என்பார். படத்தில் அந்த அம்மாள் வெறும் "ஹலோ"தான் சொல்லியிருப்பாள். அதைப் பற்றி யாருக்குக் கவலை? பெரியம்மா அதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

விக்கிரமசிங்கபுரத்தில் பெரியப்பா வீடு. தெருவின் கோடியில் மலை நிற்கும். மில் ஷிஃப்ட் முடிந்தால் தெரு முழுக்க சைக்கிள் ஓடும். நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து கிறிஸ்மஸுக்கு முந்தின நாளே பஸ் ஏறிப் போய்விடுவோம். விடியும் முன்னே கோயிலில் ஆராதனை, வந்ததும் தோசையும் கறிக்குழம்பும், மத்தியானம் பிரியாணி. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, முந்திரிக்கொத்துச் சம்படத்தை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தால்தான் எங்களுக்குப் பண்டிகை முடிந்த மாதிரி. என் அப்பா மட்டும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

படங்களின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. நாய்ப் படம், ரயில் படம், ரொட்டிக்கடைப் படம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். முதலில் சிடியில் பார்த்தோம், பிறகு பென் டிரைவில். இத்தனை வருடத்தில் டிவி மாறியது, வீட்டுக் கூரை மாறியது, முக்காலி மட்டும் மாறவில்லை. தமிழில் பேசுகிற டப்பிங் படங்கள் வந்த பிறகும் பெரியப்பா அவற்றை உள்ளே விடவில்லை. "அதுல என்னத்த இருக்கு? உசுரே இல்லாம வாசிக்கானுவ" என்று சொல்லிவிட்டார். பெரியம்மாவும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவருடைய குரலில்தான் அவளுக்கு அந்தக் கதைகள் கதைகளாக இருந்தன.

மில் ஆபீஸில் வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் டைப் அடிக்கிற வேலை பெரியப்பாவுக்கு. ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலையல்ல, கோயில் மேடை. கன்வென்ஷன் கூட்டங்களுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் வந்து ஆங்கிலத்தில் பேசினால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது அவர்தான். பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொன்னால் இவர் மூன்று சொல்வார். அவர் மெல்லச் சொன்னதை இவர் கையை உயர்த்திச் சொல்வார். கூட்டம் முடிந்து போகிறவர்கள் பிரசங்கியாரை விட்டுவிட்டுப் பெரியப்பாவிடம்தான் வந்து, "இன்னைக்கு நல்லா பேசினீங்க அண்ணாச்சி" என்று கையைப் பிடிப்பார்கள்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கியார் நல்ல வேகத்தில் இருந்தார். கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி எடுப்பதே பாவம், ஏழைகளை மறந்துவிட்டு ஜரிகை கட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வருகிறவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளாசினார். முன் வரிசையில் துணிக்கடை அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்கு மேற்கூரை போட்டுத் தருவதாக அந்த வாரம்தான் ஒப்புக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு மூச்சு விட்டார். பிறகு, "புதுத்துணி எடுக்கும்போது பக்கத்து வீட்டு ஏழைக்கும் ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று ஆண்டவர் விரும்புகிறார்!" என்றார். துணிக்கடை அண்ணாச்சி உரக்க ஸ்தோத்திரம் சொன்னார். பிரசங்கியாருக்கும் சந்தோஷம். தன் வார்த்தை இப்படி வேலை செய்கிறதே என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "பெரியப்பா, அவரு அப்படிச் சொல்லலியே?"

"சொன்னவரு இன்னைக்கே ரயிலேறிப் போயிருவாரு. கேட்டவங்க இங்கனயே கெடக்கணும்லா பிள்ள? ஒரு வார்த்த சபையவே ரெண்டா ஒடச்சிரும்" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. விடுதியில் தோழிகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருக்கு அது மேடைப் பழக்கம் மட்டும் இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் நின்றுவிட்டால் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் அப்படியே கொண்டு போக அவரால் முடியாது. என் அப்பாவும் அத்தையும் ஒரு கல்யாண விஷயத்தில் முறைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். அப்பா, "அவ மூஞ்சில இனி முழிக்க மாட்டேன்" என்றார். பெரியப்பா அத்தையிடம் போய், "கொஞ்ச நாள் ஆவட்டும்னு சொல்லுதான்" என்றார். அத்தை, "அவன் வாசல நான் மிதிச்சா என்னய என்னன்னு கேளு" என்றாள். பெரியப்பா அப்பாவிடம் வந்து, "அழுதுட்டாடே. சின்னண்ணன் சாப்புட்டானான்னு கேட்டா" என்றார். அடுத்த கிறிஸ்மஸுக்கு இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ரயில் படம் பார்த்தார்கள். மற்றவர்தான் இறங்கி வந்தார் என்று இன்று வரைக்கும் இருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாபநாசத்தில் குளித்துவிட்டு வருகிற வழியில் பெரியப்பாவே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படி வீட்டுக்கு ஒரு மனுசன் இருந்தால் கோர்ட்டே வேண்டாமே என்று தோன்றியது.

எனக்கும் ஜெபா அக்காவுக்கும் ஆங்கிலம் புரிய ஆரம்பித்த பிறகுதான் கிறிஸ்மஸ் படங்களின் உண்மைக் கதைகள் தெரிந்தன. ஜெபா அக்கா பெரியப்பாவின் ஒரே மகள். நாய்ப் படத்தின் கடைசியில் அண்ணனும் தம்பியும் சமாதானமாகவே இல்லை. ஆளுக்கு ஒரு வசவைச் சொல்லிவிட்டு தம்பி காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். பெரியப்பாவின் தமிழில் அவன், "அண்ணே, நான் போயி கேக் வாங்கிட்டு வந்துருதேன்" என்றான். படம் அங்கேயே முடிந்துவிட்டது.

"கேக் வாங்கிட்டு வந்தானா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"வந்துட்டான். அதக் காட்டல" என்றார் பெரியப்பா.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

பெரியம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது ரொட்டிக்கடைப் படம். ஒரு பனி ஊர். அதில் ஒரு வயதானவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்துவிட்டாள், அடுப்புக்கு மேலே சுவரில் அவள் படம் தொங்கும். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அவருடைய மகள் ஒரு பெட்டியோடு வந்து கதவைத் தட்டுவாள். படத்தில் அவள் புருசனை விட்டுவிட்டு வந்தவள். பெரியப்பாவின் தமிழில் அந்தப் புருசன் பட்டாளத்தில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. படத்தின் கடைசியில் அவள் அப்பாவின் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டே, இனி திரும்பிப் போகமாட்டேன், இங்கேயே இருக்கப்போகிறேன் என்பாள். "லீவு முடிஞ்சதும் போயிருதேன்பா, அவரு காத்துக்கிட்டு இருப்பாரு" என்று பெரியப்பா சொல்வார். நல்ல பிள்ளை என்று பெரியம்மா ஒவ்வொரு வருடமும் மெச்சிக்கொள்வாள்.

அக்காவுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளைக்குக் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலை, டவுனில் வீடு. பெரியப்பா வீட்டில் இருந்தது ஒரே கைபேசி, அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. "எனக்கெதுக்கு அது? அவரு சொல்லுவாருல்லா" என்பாள் பெரியம்மா. அக்கா கூப்பிட்டால் டவர் கிடைக்கவில்லை என்று கேட் வரை நடந்துபோய்ப் பேசுவார். உள்ளே வந்து, "சொகமா இருக்காளாம். ஒன்னயக் கேட்டா" என்பார். எப்போதாவது பெரியம்மா கையிலும் கொடுப்பார். அப்போதெல்லாம் அக்கா இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள். மகளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தலைக்கனம் வந்துவிட்டதாகப் பெரியம்மா என் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து ஒரு கிறிஸ்மஸுக்கு நாங்கள் போனபோது அக்கா முன்னாலேயே வந்திருந்தாள், தனியாக, ஒரு பையோடு. மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை, பண்டிகை கழிந்து கார் கொண்டுவந்து கூட்டிப்போவார் என்று பெரியப்பா எல்லாரிடமும் சொன்னார். அக்கா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். பெரியம்மா கேட்டதற்கெல்லாம் ம், ம் என்று மட்டும் பதில் சொன்னாள். அடுப்படியில் அம்மாவும் மகளும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மாடியில் துணி காயப்போடும்போது அக்காவிடம் என்னவென்று கேட்டேன்.

"நான் இனி அங்க போவமாட்டேன். அப்பாட்ட சொல்லிட்டேன். அம்மா ஒத்துக்கமாட்டான்னு சொல்லுதாரு" என்றாள். மேலே கேட்க விடாமல் இறங்கிப் போய்விட்டாள்.

கிறிஸ்மஸ் அன்று சாப்பாடு முடிந்தது. பெரியப்பா நாய்ப் படத்தைப் போடப்போனார்.

"ரொட்டிக்கடைப் படம் போடுங்க" என்றாள் பெரியம்மா.

"வருசா வருசம் அதையேவா பாக்கது?"

"வருசா வருசம் பாக்கதுனாலதான் சொல்லுதேன்."

பெரியப்பா பென் டிரைவைத் தேடினார். அது டிவியிலேயேதான் சொருகியிருந்தது. கடைசியில் போட்டார். முக்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்ததும் குரல் பழையபடி நிமிர்ந்துவிட்டது. கதவு தட்டுகிற இடத்தில் பெரியம்மா அழுதாள். பட்டாளத்துப் புருசனுக்கு லீவு கிடைக்கவில்லை. என் அப்பா தூங்கிப்போனார். மாவு பிசைகிற காட்சி வந்தது.

"லீவு முடிஞ்சதும் போயிருதேன்பா. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."

"அவ அப்படிச் சொல்லல" என்றாள் அக்கா.

பெரியப்பா காதில் விழாத மாதிரி, "அடுப்பு சூடாயிட்டாப்பா? மாவ..." என்று தொடர்ந்தார்.

"அப்பா, அவ அப்படிச் சொல்லல."

பெரியம்மா திரும்பினாள். "பெறவு என்னட்டி சொல்லுதா?"

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரியப்பாவைப் போலவே "நான்" என்று ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் இனி அங்க போவமாட்டேன். இங்கனயே இருக்கப்போறேன்."

அது வரைக்கும் படத்தில் உள்ளதுதான். அதற்கு மேல் அந்தப் பெண் கடைக்குப் புதுப் பலகை மாட்டுவதைப் பற்றிப் பேசுவாள். எனக்கு அது வரிக்கு வரி தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனால் அக்கா வேறு சொன்னாள்.

"கல்யாணமான மூணாம் மாசமே கை நீட்டுனான். கொழம்புல உப்பு கூடிருச்சின்னு அடிச்சான். ஒங்ககிட்ட பேசுனேன்னு அடிச்சான். அடிக்கும்போதெல்லாம் ஒங்களுக்குத்தான ஃபோன் போட்டேன்? அம்மாட்ட சொல்லுங்கன்னுதான கெஞ்சினேன்? அம்மா என்ன சொல்லி விட்டா? பொறுத்துக்கிடச் சொல்லு, பொம்பளப்பிள்ள பொறுத்துத்தான் போவணும்னு சொல்லி விட்டா. பெத்தவளே அப்படிச் சொன்ன பெறவு நான் யாருகிட்டப் போயி நிக்கது?"

திரையில் அந்தப் பெண் மூக்கில் மாவை அப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா நெற்றியைச் சுருக்கிப் படத்தையே பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைக்குத்தான் அம்மா கெடையாதே. அன்னா செவுத்துல போட்டா தொங்குதுல்லா? செத்தவ எப்படிச் சொல்லி விடுவா?"

என் அம்மா சம்படத்தின் மூடியை எடுத்து மூடினாள். பெரியம்மா படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அக்கா கையில் இழுத்து விட்டிருந்த ரவிக்கையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"ஏட்டி, நானா? நானா அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லலியா?" என்றாள் அக்கா.

பெரியம்மா பெரியப்பாவிடம் திரும்பினாள். "என்னங்க, இவ என்ன கேக்கா? நான் எப்பம் சொன்னேன்? எங்கிட்ட சொகமா இருக்கான்னுதான சொன்னீங்க?"

பெரியப்பா அப்போதுதான் முதன்முதலாக முக்காலியில் முழுக்கத் திரும்பி டிவியைப் பார்த்து உட்கார்ந்தார். "நீ வெசனப்படுவேன்னுதான்..." என்றார். கொஞ்சம் கழித்து, "நாலு நாள்ல சரியாப் போயிரும்னு நெனச்சேன். குடும்பம் ஒடஞ்சிரக் கூடாதுல்லா" என்றார். அவர் பேசியது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெரியம்மா எழுந்து போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கன அடிச்சான், காட்டு" என்றாள். அக்கா காட்டினாள். அதற்குப் பிறகு படத்தை யார் நிறுத்தினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

பெரியப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அடக்க ஆராதனையில் போதகர் அவரைச் சமாதானம் பண்ணுகிறவர் என்று சொன்னபோது அக்கா எழுந்து வெளியே போனாள். நான் எழவில்லை. என் அப்பாவையும் அத்தையையும் ஒரே பாயில் உட்கார வைத்த மனுசன் அவர்தான். ஒரு தாயையும் மகளையும் மூன்று வருடம் ஒருவரை ஒருவர் வெறுக்க வைத்தவரும் அவர்தான். இரண்டுக்கும் அவர் செய்தது ஒரே வேலை. முன்னதற்கு நான் கைதட்டிச் சிரித்தேன் என்பதால் பின்னதற்கு அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. கோபம் இருக்கிறது. அவர் குரலைக் கேட்க வேண்டும் என்கிற ஆசையும் இருக்கிறது. இப்போது கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டில் கூடுகிறோம். டப்பிங் படம்தான் பார்க்கிறோம். பெரியப்பா சொன்ன மாதிரி உயிரில்லாமல்தான் வாசிக்கிறார்கள். யாரும் அழுவதில்லை.

அவரை நினைத்தால் முக்காலியில் இருக்கிற முகம் வருவதில்லை. அந்தப் படம் பார்த்த மூன்றாவது நாள் காலைதான் வருகிறது. நாங்கள் ஊருக்குப் புறப்படாமல் அங்கேயே இருந்தோம். வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். அக்கா உள்ளறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது.

பெரியப்பா வழக்கம்போல முதல் ஆளாகக் கிளம்பினார். பெரியம்மா வராந்தாவில் நின்று அவரை நிறுத்தினாள்.

"அவ வரமாட்டான்னு போயிச் சொல்லுங்க. நான் சொன்னதாச் சொல்லுங்க. அது மட்டும் போதும், கூட ஒண்ணும் சேக்காண்டாம்."

சரியென்று தலையை ஆட்டினார். கேட்டைத் திறந்துகொண்டு கார் பக்கம் போனார். மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார். அவர் பழைய மேடைக் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.

"வாங்க மாப்ள. பிள்ளைக்கு லேசா காய்ச்சல் பாத்துக்கோங்க. அலச்சல் வேண்டாம்னு அவ அம்மா சொல்லுதா. புதுவருசம் கழியட்டும், நானே கொண்டாந்து விட்டுருதேன்."

பெரியம்மா செருப்புக்கூடப் போடாமல் இறங்கி நடந்தாள். கேட்டின் உள்பக்கம் போய் நின்றாள். தெருவில் சைக்கிளில் போன இரண்டு பேர் காலை ஊன்றிப் பார்த்தார்கள்.

"காய்ச்சல் ஒண்ணும் கெடையாது. அடிக்கிறவன் வீட்டுக்கு எம்மவ வரமாட்டா."

மாப்பிள்ளைக்கு முகம் கறுத்தது. அவர் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைத்தான் பார்த்தார்.

"அத்த என்ன சொல்லுதாங்க மாமா?"

பெரியப்பா வாயைத் திறந்தார்.

பெரியம்மா கேட்டை இழுத்துச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டு பேரும் வெளியே நின்றார்கள்.